சோதனைக்குப் போன பிள்ளைகள்

குடாநாட்டின் இளையவர்கள்: வரலாற்றுத் தொடர், பகுதி 9

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாய் அகன்ற கண்ணாடி ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய். அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து கழற்றிய வால்வுக்குள் நூல் திரியைக் கோத்து, கம்பியால் பிடித்து, பஞ்சின் நடுவே நிமிர்த்தி வைத்தால் விளக்கு ஆயத்தம். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். கண்ணாடியே சிமினி. லாந்தர் குடிக்கிற எண்ணெயில் மிகச் சிறு பங்கு இதற்குப் போதும் என்பதால் இதற்குச் சிக்கன விளக்கு என்றும் ஒரு பெயர். கொப்பியின் ஒரு பக்கத்துக்குத்தான் வெளிச்சம் காணும். மற்றப் பக்கத்துக்கு வரும்போது போத்தலைத் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் நடுவில் வைப்பார்கள். யாருக்கு மறுநாள் சோதனையோ அவர் பக்கம் அது கொஞ்சம் சாய்ந்திருக்கும். விடிய எழும்பி மூக்கைத் துடைத்தால் லேஞ்சி கறுக்கும்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் பரீட்சைக்குச் சோதனை என்றுதான் பெயர். இந்தப் பகுதியில் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற பகுதியில் தரப்படுத்தலைப் பார்த்தோம். 1971இல் பொறியியல் பீடத்துக்குப் போகச் சிங்கள மொழியில் எழுதிய மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமானதாக இருந்தபோது, தமிழில் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டது. அந்த 23 புள்ளி இடைவெளி ஒரு தலைமுறையின் நெஞ்சில் எப்படித் தைத்தது, அவர்களில் பலரை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை விரிவாக எழுதியிருந்தேன். இப்போது வருவது அவர்களுக்கு அடுத்த தலைமுறை. 1990க்கும் 1996க்கும் இடையில் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதியவர்கள். இவர்களைப் பற்றிப் போர் வரலாறுகளில் ஒரு வரிகூடக் கிடைக்காது. எந்த முகாம் எப்போது விழுந்தது, எந்த நடவடிக்கைக்கு என்ன பெயர் என்பதெல்லாம் திகதியோடு இருக்கிறது. அதே நாட்களில் கணித வினாத்தாளை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுக்காரர்கள் அந்த நூல்களில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. லக்சபானவில் இருந்து சுன்னாகத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனையிறவு வழியான தெருவும் ரயில் பாதையும் அறுந்தன. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி முற்றுகை. செப்ரெம்பர் 26ஆம் திகதி இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறும் வரை நகரின் நடுப்பகுதியில் பொம்மரும் ஷெல்லும் ஓயவில்லை. அதற்குள் பொருளாதாரத் தடையும் வந்துவிட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, யூரியா, பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் வருவது அளந்து வந்தது. வந்ததற்கும் விலை ஆளைக் கொல்லும் விலை.

அந்த வாழ்க்கையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகையால் ஓடிக் கடக்கிறேன். மோட்டார்சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் குழந்தைப் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சுவார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிள்ளைகள் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது, பி.பி.சி. தமிழோசை கேட்க அயல்வீட்டார் கூடுவார்கள். ‘உதயன்’ பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. அந்தக் கடைசிச் செய்தியில் ஒரு கணம் நிற்க வேண்டும். நாளிதழுக்கே கொப்பித்தாள் போனால் பிள்ளைகள் எதில் எழுதுவது? பழைய கொப்பிகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தார்கள். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினார்கள். மூத்த அண்ணன்மாரின் நோட்ஸ் கைமாறிக் கைமாறி, ஓரம் மடிந்து, கடைசிப் பக்கம் தொலைந்து, நாலாவது ஐந்தாவது ஆளிடம் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடங்கள் நடந்தன. எப்படி நடந்தன என்பதைத்தான் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கில் பலாலித் தளத்தைச் சுற்றிய ஊர்கள் 1990லேயே வெறுமையாகின. அங்கிருந்த பாடசாலைகள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறின. தெல்லிப்பழை, வசாவிளான், காங்கேசன்துறைப் பள்ளிக்கூடங்கள் வேறு ஊர்களில், வேறு பாடசாலைகளின் வளவில், பின்னேர நேரத்தில் வகுப்பு வைத்தன. காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொன்று; கரும்பலகை ஒன்றே. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரிக்குச் சொந்த மண்ணில் கால்வைக்க 2016ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாம் வகுப்பில் இடம்பெயர்ந்த ஒரு பிள்ளை, தன் பள்ளிக்கூடம் திரும்பி வந்தபோது தானே தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும்.

வகுப்பறைக்குப் பக்கத்தில் பங்கர். ‘ட’ வடிவில் வெட்டிய குழி, மேலே பனங்குற்றியோ தென்னங்குற்றியோ, அதன்மேல் மண்மூட்டை. குழியை வெட்டியவர்களில் பெரிய வகுப்பு மாணவர்களும் உண்டு. வானத்தில் சத்தம் கேட்டதும் அது ஹெலியா, பொம்மரா, சகடையா என்று முதலில் சொல்வது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கும். ரீச்சர் “இறங்குங்கோ பிள்ளையள்” என்பதற்குள் முன்வரிசை உள்ளே போயிருக்கும். குண்டு எங்கோ விழுந்து, சத்தம் அடங்கி, எல்லோரும் மேலே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் பாடம் விட்ட இடத்தில் இருந்து தொடரும். இதை வீரம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டம் பெரியது; முடிக்காவிட்டால் சோதனையில் அகப்பட்டுப்போவோம் என்ற பயம் பொம்மர் பயத்துக்குச் சமமாக இருந்தது.

பிறகு ரியூட்டரிகள். தகரக் கூரை, கிடுகு மறைப்பு, வாங்குகளில் நூறு இருநூறு பேர், ஒலிபெருக்கி இல்லாமல் கத்திக் கத்திக் குரல் உடைந்துபோன சேர். வாசலில் சைக்கிள் காடு. சைக்கிளைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். குடாநாட்டில் பஸ்ஸும் காரும் ஏறத்தாழ ஒழிந்த அந்த ஆண்டுகளில்தான் பெண்பிள்ளைகளும் நாளுக்கு இருபது முப்பது கிலோமீற்றர் தனியாக சைக்கிள் ஓடுவது சாதாரணமாயிற்று. விடியப்புறம் ஐந்து மணி வகுப்புக்கு இருட்டில், டைனமோ லைற்றோடு, பின்னால் கரியரில் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போன அக்காமாரை நினைத்துப் பாருங்கள். ஊர் வாயை அடைக்க எந்தச் சீர்திருத்தவாதியும் தேவைப்படவில்லை. வேறு வழி இல்லாமற்போனது. பிள்ளைகள் பெடலை மிதித்தார்கள். பிறகு அந்த உரிமையை அவர்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

இந்த இடத்தில் எழுதாமல் போனால் இந்தத் தொடரே பொய்யாகிவிடும் என்று நான் நினைக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். நகை, பணம், பத்திரங்கள் எல்லாம் வழியில் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடக்கில் இருந்து துரத்தப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களிலும் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் படித்த அந்தப் பிள்ளைகள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் குந்தியிருந்து, உள்ளூர்ப் பாடசாலைகளின் பின்னேர வகுப்புகளில் ஒட்டிக்கொண்டு படித்தார்கள். அவர்களுடைய விளக்கும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். நாங்கள் எங்கள் ஜாம் போத்தலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறபோது அந்த விளக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். அதை ஏற்றவைத்தவர்கள் எங்கள் பெயரால் துவக்குத் தூக்கியவர்கள்.

இன்னொரு பாதையும் திறந்தே இருந்தது. இயக்கம், அதாவது புலிகள், பள்ளிக்கூடத்துக்கே வந்து பேசும்; படம் போட்டுக் காட்டும். நேற்றுவரை பக்கத்து வாங்கில் இருந்தவன் இன்றைக்கு இல்லை என்றால் யாரும் கேட்பதில்லை, தெரியும். போனவர்களில் பதினைந்து வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். அது எந்த நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாத காரியம். சில மாதங்களில் சந்திச் சுவரில் படமாகத் திரும்பி வருவார்கள். அந்தப் படத்தைக் கடந்து ரியூட்டரிக்குப் போன பிள்ளையின் மனதில் என்ன ஓடியிருக்கும்? போகாமல் இருந்தது கோழைத்தனமோ என்ற கேள்வியோடு அவர்கள் படித்தார்கள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொண்டு படித்தது பொம்மருக்குக் கீழே படித்ததைவிடக் கடினமானது என்பது என் எண்ணம்.

இனிக் கிளாலி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்போது மருத்துவ பீடம் இருந்தது, விஞ்ஞான பீடம் இருந்தது. பொறியியல் பீடம் கிடையாது. ஆகவே கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போயாக வேண்டும். ஆனையிறவில் இராணுவம், 1991 ஜூலையில் அங்கே தொடங்கிய சண்டை ஒரு மாதம் நீடித்தும் பாதை திறக்கவில்லை. கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்த காலம் ஒன்று இருந்தது. அதுவும் அடைபட்ட பிறகு மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. இந்தக் கரையில் தென்மராட்சியின் கிளாலி; அந்தக் கரை பூநகரிப் பக்கம். நடுவில் கடற்படையின் ரோந்து.

வெளியேறுவதற்கு முதலில் இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஆள்பிணை வேண்டும்: பிள்ளை திரும்பி வருவான் என்று இன்னொருவர் தன்னைப் பிணைவைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மாமா, ஒரு சித்தப்பா, சிலவேளை ஒரு பக்கத்து வீட்டுக்காரர். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த அனுமதிக் கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு, ஒரு பயணப்பையோடு, பின்னேரம் கிளாலிக்குச் சைக்கிளில் போவார்கள். தென்னந்தோப்புக்குள் நூற்றுக்கணக்கான சனம் இருட்டுக்காகக் காத்திருக்கும். நோயாளிகள், வியாபாரிகள், கைக்குழந்தையோடு தாய்மார், கொழும்பு வழியாக வெளிநாடு போகிறவர்கள். இருட்டிய பிறகு படகு. எஞ்சின் பூட்டிய படகு ஒன்று முன்னால் இழுக்க, மற்றவை கயிற்றில் தொடுத்தபடி பின்னால் போகும். லைற் இல்லை. பேச்சு இல்லை. குழந்தை அழுதால் தாய் வாயைப் பொத்துவாள். எஞ்சின் நின்றுவிட்டால் அந்த அமைதி நெஞ்சை அடைக்கும். தூரத்தில் சேர்ச்லைற் ஒருமுறை நீரைத் தடவிப் போகும்.

1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்த நீரேரியில் பயணிகளின் படகுகளைக் கடற்படை தாக்கியது. சாதாரண சனம் பலர் செத்தார்கள். உடல்கள் கரையொதுங்கின. அடுத்தடுத்த இரவுகளில் கிளாலிக் கரையில் ஆள் குறைந்ததா? சில நாட்களுக்குக் குறைந்தது. பிறகு மறுபடியும் படகு ஓடியது. விரிவுரை தொடங்குகிற திகதி பேராதனையில் இருந்து வந்துவிட்டது. போகாவிட்டால் இடம் போய்விடும். பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று தாய் தகப்பன் இரவிரவாக யோசித்து, கடைசியில் பிள்ளைதான் “நான் போறன் அம்மா” என்று முடிவு சொன்ன வீடுகள் எத்தனையோ.

அந்தக் கரை ஏறினால் ட்ரக்டர், லொறி, சைக்கிள் என்று கிடைத்ததில் தொற்றி வவுனியா எல்லைக்கு வர வேண்டும். தாண்டிக்குளத்தில் பையைக் கொட்டிக் கவிழ்ப்பார்கள். கொழும்பில் லொட்ஜ், பொலிஸ் பதிவு. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தாலே ஒரு இரவு பொலிஸ் நிலையத்தில் கழியலாம். இவ்வளவும் கடந்துதான் அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் போய்க் குந்தும். பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கேயிருந்து தொடங்கிச் சொல்வது?

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தது. 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பெப்ரவரி வரை. அங்கேயும் நிலவறைகளிலும் மாடிப்படிகளின் கீழும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்தினார்கள், பிள்ளைகள் படித்தார்கள். உலகத் தொலைக்காட்சிகள் அங்கே கூடாரம் போட்டிருந்தன. அதனால் அந்தப் பிள்ளைகளின் கதை உலகத்துக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்குக் கமரா வருவது அபூர்வம். இரண்டு நகரத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே காலத்தில், மண்ணுக்குக் கீழே இருந்து ஒரே மாதிரியான கணக்குகளைச் செய்துகொண்டிருந்தார்கள்.

1995இல் எல்லாம் கடைசிப்படிக்கு வந்தது. ஏப்ரலில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான பேச்சு முறிந்தது. ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செப்ரெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம். 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். பங்கருக்கு ஓடப் பழகிய பிள்ளைகள்தான்.

ஒக்ரோபர் 17ஆம் திகதி இராணுவம் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கையைத் தொடங்கியது. ஒக்ரோபர் 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் தெருத் தெருவாக வந்தன: எல்லோரும் உடனே வெளியேறுங்கள். முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்து ஆண்டுகள், அதே திகதி. வலிகாமத்தின் லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் தெருவுக்கு இறங்கினார்கள். மழை. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற தெருவில் கால்வைக்க இடமில்லை. நாலைந்து மைல் போக விடிந்துவிட்டது. வயோதிபரைச் சைக்கிள் கரியரில் கட்டிவைத்துத் தள்ளினார்கள். தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள்.

அந்த இரவு வீட்டில் இருந்து என்னத்தை எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று அக்காலத்து மாணவர்களைக் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றையே: பைல். பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டைப் பிரதி, எல்லாம் பொலித்தீன் பைக்குள் சுற்றி, சட்டைக்குள்ளே வயிற்றோடு ஒட்டி. உடுப்பு நனைந்தது, அரிசி நனைந்தது, பைல் நனையவில்லை. அடுத்ததாக உயர்தர நோட்ஸ் கொப்பிகள். கொப்பிக் கட்டா, தம்பிக்குப் போர்வையா என்று படலையடியில் நின்று யோசித்து, போர்வையை எடுத்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மாதக்கணக்கில் மற்றவர்களின் கொப்பியைப் பார்த்துத் திரும்ப எழுதினார்கள்.

சாவகச்சேரி, கொடிகாமம், மீசாலை என்று தென்மராட்சி முழுவதும் மனிதர். பள்ளிக்கூட மேசைகளின் மேல் குடும்பங்கள் படுத்தன. கிணற்றில் தண்ணீர் வற்றியது. வயிற்றோட்டமும் மலேரியாவும் வந்தன. இந்த நிலையில் படிப்பைப் பற்றி நினைக்க முடியுமா என்று கேட்கலாம். நினைத்தார்கள். மாமர நிழலில் வகுப்பு தொடங்கியது. ரியூட்டரிச் சேர்மாரும் இடம்பெயர்ந்து வந்தவர்கள்தானே. தென்னந்தோப்புக்குள் ஒரு கரும்பலகையைச் சாய்த்துவைத்தார்கள். செய்தி வாய்வழியாகப் பரவியது. மறுவாரம் ஐம்பது சைக்கிள்.

1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தது. ஒரு பகுதியினர் கிளாலியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். கூரை இல்லாத வீடு, கதவு இல்லாத பள்ளிக்கூடம், சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. ஓகஸ்ட், செப்ரெம்பரில் உயர்தரப் பரீட்சை வந்தது. ஆறு மாதம் மரத்தடியில் கிடந்து, திரும்பி வந்து நாலைந்து மாதம்கூட ஆகாத பிள்ளைகள் நேரத்துக்கு மண்டபத்துக்குப் போனார்கள். காலையில் இராணுவத்தின் சோதனை, அதன் பிறகு வினாத்தாள்.

1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி சுண்டுக்குழி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இரசாயனவியல் தாளை எழுதி முடித்துவிட்டுக் கைதடியில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பினார். வயது 18. செம்மணிச் சோதனைச்சாவடியில் படையினர் மறித்தார்கள். வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும்கூட உயிரோடு திரும்பவில்லை. 1998 ஜூலை 3ஆம் திகதி கொழும்பு மேல்நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக அதே நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அங்கே தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். 2025இல் அருகே சித்துப்பாத்தி மயான வளவில் தோண்டியபோது ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிப்பை ஒன்றும் வெளியே வந்தது.

கிருஷாந்தி எழுதிய தாள் பரீட்சைத் திணைக்களத்துக்குப் போயிருக்கும். யாரோ ஓர் ஆசிரியர் அதைத் திருத்தியிருப்பார். அவருடைய வகுப்புத் தோழிகளுக்கு இன்னும் தாள்கள் பாக்கி இருந்தன. அவர்கள் அடுத்த சோதனைக்கும் போனார்கள், அதே செம்மணி வெளியைக் கடந்தும் போனார்கள். இந்த ஒரு விஷயத்தை எழுதத்தான் இந்தப் பகுதியைத் தொடங்கினேன். அந்த வயதில் அந்தத் தெருவால் சைக்கிளை மிதித்துப் போனதைத் துணிவு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று மருத்துவர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள், கணக்காளர்கள். யாழ்ப்பாணத்தில், கொழும்பில், ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். அவர்களைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. பழைய மாணவர் சங்க மலர்களில் அவர்கள் படம் வருகிறது. ஆனால் தாய்க்கு மருந்து வாங்க விறகு கட்டிச் சைக்கிளில் ஏற்றி விற்றதால் பத்தாம் வகுப்போடு நின்றவனும், தங்கச்சி படிக்கட்டும் என்று தான் ரியூசனை விட்ட அக்காவும், மூன்று முறை எழுதியும் ஒரு பாடம் கைகொடுக்காமற்போனவனும் அதே விளக்கின் முன்னால் குந்தியிருந்தவர்கள்தான். பெறுபேற்றைக் கொண்டு இவர்களை வேறாகப் பிரித்தால் வரலாறு பிழையாகிவிடும். போத்தலுக்குள் எரிந்த எண்ணெய் எல்லோருக்கும் ஒரே விலைதான்.

பிள்ளைகள் பட்ட பாட்டைச் சாதனை என்று மட்டும் கொண்டாடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பாட்டை அவர்கள் மேல் சுமத்தியவர்கள் இருக்கிறார்கள்: தடையைப் போட்ட அரசு, பள்ளிக்கூடத்தின் மேல் குண்டுபோட்டவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் துவக்கைக் கொடுத்தவர்கள். விளக்கின் அழகில் இவர்களை மறந்துவிட முடியாது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மறுபடியும் மூடப்பட்டபோது இன்னொரு தலைமுறை இதையெல்லாம் திரும்பவும் அனுபவித்தது. அந்தக் கதை அடுத்த பகுதியில் வரும்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990க்கும் 1996க்கும் இடையில் குடாநாட்டிலோ, புத்தளத்து முகாம்களிலோ, வன்னியிலோ சோதனை எழுதியவர்களுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. உங்கள் பரணிலும் பெட்டியிலும் அந்தக் காலத்துப் பரீட்சை அனுமதி அட்டை, கையால் எழுதிய நோட்ஸ், பாஸ் துண்டு, கிளாலியில் இருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், ஏன், அந்த ஜாம் போத்தலே கூட இருக்கலாம். வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு எறிந்துவிடாதீர்கள். உங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுங்கள். அல்லது 2005 முதல் ஈழத்து எழுத்துகளைப் படியெடுத்துப் பாதுகாத்துவரும் நூலக நிறுவனத்திடம் சேருங்கள். உங்களோடு அதே மண்டபத்தில் எழுதியவர்களின் பெயர்களை, திரும்பி வராதவர்களின் பெயர்களையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.